பத்தடி சமையல் அறைக்குச் சட்டம் உண்டு. வீடே கடலில் போனால்?

ஒருவர் காசு கொடுத்து வீடு வாங்குகிறார். பத்திரம் அவர் பெயரில் இருக்கிறது. வரி ஒழுங்காகக் கட்டுகிறார். வீட்டின் பின்பக்கம் சமையல் அறையைக் கொஞ்சம் நீட்டிக் கட்டலாம் என்று நினைக்கிறார். அதற்கு யாரைக் கேட்கவேண்டும்?

"மனைவியைக் கேட்டால் போதும்" என்று சொல்லத் தோன்றும்.

இங்கிலாந்தில் அது போதாது. அங்கே சட்டத்தைக் கேட்கவேண்டும். சில சமயம் கவுன்சிலைக் கேட்கவேண்டும். பக்கத்து வீட்டுக்காரரையும் கேட்கும்படி இருக்கும்.

"என் வீட்டில் நான் கட்ட ஊரைக் கேட்பதா?" என்று கோபம் வரலாம். கோபப்படுவதற்கு முன்னால், அந்தச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். பாதிக்கு மேல் நியாயமான சட்டம்தான். கோபப்படவேண்டிய இடம் வேறு ஒன்று இருக்கிறது. அது சமையல் அறையில் இல்லை; கடற்கரையில் இருக்கிறது.

நண்டுக்குப் பேர்போன ஊர்

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் நார்போக் என்று ஒரு ஜில்லா. அதன் வட பகுதிக்கு வடக்கு நார்போக் என்று பெயர். நம் கணக்கில் ஒரு தாலுகா என்று வைத்துக்கொள்ளலாம். அதன் ஒரு பக்கம் முழுவதும் கடல்.

கவுன்சில் ஆபீஸ் குரோமர் என்ற ஊரில் இருக்கிறது. குரோமர் நண்டுக்குப் பேர்போன ஊர். 1901-ல் திறந்த துறைப்பாலம் ஒன்று அங்கே கடலுக்குள் நீண்டு நிற்கிறது. கோடை காலத்தில் கூட்டம் அலைமோதும்.

பழைய வீடுகள் பார்க்க அழகாக இருக்கும். சுவர் முழுவதும் சிக்கிமுக்கிக் கல். கூரையில் வளைந்த சிவப்பு ஓடு. கடற்கரையில் கிடந்த கல்லைப் பொறுக்கி வந்து கட்டிய வீடுகளும் உண்டு.

இந்தக் குரோமரில் ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள். இரட்டை வீடுகளில் ஒரு பாதி அவர்களுடையது. நடுச்சுவர் பொது. அந்தப் பக்கம் வேறு ஒரு குடும்பம்.

சமையல் அறை சிறியது. இருவர் நின்றால் மூன்றாமவர் நுழைய முடியாது. பின்பக்கம் தோட்டம் சும்மா கிடக்கிறது. நீட்டிக் கட்டலாமா?

கட்டலாம். மனுப் போடவேண்டியதே இல்லை! ஆனால் அளவு இருக்கிறது.

அளவு நாடா இருந்தால் போதும்

சின்னச் சின்ன வேலைக்கு எல்லாம் மனுப் போட்டால் கவுன்சில் ஆபீஸ் தாங்காது. ஆகவே, "இந்த அளவுக்குள் கட்டினால் அனுமதி கொடுத்ததாகவே அர்த்தம்" என்று சர்க்கார் பொது உத்தரவு போட்டிருக்கிறது. இங்கிலாந்தில் இப்போது நடப்பில் இருப்பது 2015-ல் வந்த உத்தரவு. அதன் பிறகு பல திருத்தங்கள் வந்திருக்கின்றன.

பின்பக்கம் ஒரு மாடி அளவுக்கு அறை கட்டினால், இரட்டை வீட்டுக்கும் வரிசை வீட்டுக்கும் 3 மீட்டர் நீட்டலாம். பத்து அடிக்குச் சற்றுக் குறைவு. தனி வீடாக இருந்தால் 4 மீட்டர். உயரம் 4 மீட்டரைத் தாண்டக்கூடாது. பக்கத்து வீட்டு எல்லைக்கு 2 மீட்டருக்குள் வந்தால், கூரையின் விளிம்பு 3 மீட்டருக்கு மேல் போகக்கூடாது.

இன்னும் நீட்டவேண்டுமா? இரட்டை வீட்டுக்கு 6 மீட்டர் வரை போகலாம். தனி வீட்டுக்கு 8 மீட்டர். ஆனால் அதற்கு முதலில் கவுன்சிலுக்குத் தகவல் தரவேண்டும். கவுன்சில் பக்கத்து வீட்டாருக்குக் கடிதம் எழுதும். அவர்கள் ஆட்சேபணை சொன்னால், அவர்களுக்கு எவ்வளவு இடைஞ்சல் என்று கவுன்சில் பார்க்கும். 2013-ல் தற்காலிகமாக வந்த இந்த ஏற்பாடு 2019-ல் நிரந்தரம் ஆயிற்று.

கூரைக்கு அடியில் உள்ள பரணை அறையாக மாற்றுவது அங்கே மிகவும் சகஜம். பிள்ளைகள் வளர்ந்தால் பரண்தான் படுக்கை அறை. கூரையை உயர்த்தி இடம் எடுத்தால், வரிசை வீட்டுக்கு 40 கன மீட்டர் வரை சேர்க்கலாம். மற்ற வீட்டுக்கு 50 கன மீட்டர். தெருவைப் பார்க்கும் முன்பக்கக் கூரையில் கை வைக்கக்கூடாது. பக்கவாட்டில் ஜன்னல் வைத்தால், உள்ளே இருப்பது தெரியாத மங்கல் கண்ணாடி போடவேண்டும். தரையிலிருந்து 1.7 மீட்டர் உயரம் வரை அது திறக்கக்கூடாது. அதாவது, ஐந்தரை அடி ஆள் எட்டிப் பார்த்தாலும் பக்கத்து வீட்டுக் குளியல் அறை தெரியக்கூடாது!

முன்வாசல் முகப்பு, வேலி, தோட்டத்துக் கொட்டகை எல்லாவற்றுக்கும் இப்படியே அளவு உண்டு. வண்டி போகும் தெரு ஓரத்து வேலி 1 மீட்டர். மற்ற இடத்தில் 2 மீட்டர். முன்பக்கத் தோட்டத்துக்குத் தளம் போடுவதற்குக்கூட 2008 முதல் கணக்கு இருக்கிறது. மழைத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும்படி தளம் போட்டால் கேட்கவேண்டாம். தண்ணீர் இறங்காத சிமெண்டுத் தளத்தை 5 சதுர மீட்டருக்கு மேல் போட்டால் அனுமதி வேண்டும். 2007-ல் வந்த வெள்ளம் கற்றுத் தந்த பாடம் இது.

ஏமாற்றும் தேதி

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பலர் இதில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

3 மீட்டர் என்பது எங்கிருந்து? இன்று நிற்கும் சுவரிலிருந்து அல்ல. "மூல வீட்டின்" சுவரிலிருந்து! வீடு முதலில் கட்டப்பட்டபோது எப்படி இருந்ததோ, அதுதான் மூல வீடு. மிகப் பழைய வீடாக இருந்தால், 1948 ஜூலை 1-ந் தேதி அது எப்படி நின்றதோ அப்படி.

முன்பு குடியிருந்தவர் 1970-ல் 2 மீட்டர் நீட்டியிருந்தால், அந்த 2 மீட்டரும் கணக்கில் சேரும். இப்போது வாங்கியவருக்கு மிச்சம் ஒரே ஒரு மீட்டர். இது தெரியாமல் 3 மீட்டர் கட்டியவர், சட்டத்தின் கண்ணில் 5 மீட்டர் கட்டியவர் ஆகிறார்.

அது என்ன 1948 ஜூலை 1?

அன்றுதான் இங்கிலாந்தில் நகர, கிராமத் திட்டச் சட்டம் அமுலுக்கு வந்தது. பார்லிமெண்டில் நிறைவேறி அரசரின் சம்மதம் கிடைத்தது 1947 ஆகஸ்டு 6-ந் தேதி. இந்தியா விடுதலை பெற ஒன்பது நாள் இருந்தது. அட்லி பிரதம மந்திரி. சட்டத்தைக் கொண்டுவந்தவர் லூயி சில்கின் என்ற மந்திரி.

அதற்கு முன்னால் இங்கிலாந்துக் கடற்கரை என்ன பாடு பட்டது தெரியுமா? முதல் யுத்தம் முடிந்த பிறகு கடற்கரை மனைகள் மலிவாக விற்றன. வாங்கியவர்கள் கைக்குக் கிடைத்ததை எல்லாம் வைத்துக் குடில் போட்டார்கள். பழைய ரயில் பெட்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, அதற்குக் கூரை போட்டு வீடு என்றார்கள். எஸ்ஸெக்ஸ் கரையில் ஜேவிக் என்ற ஊர் அப்படி எழுந்தது. கோடை விடுமுறைக்குக் கட்டிய மெல்லிய மரக்குடில்களில் ஏழைகள் வருஷம் முழுவதும் குடியிருந்தார்கள்.

1953 ஜனவரி 31-ந் தேதி இரவு கடல் பொங்கியது. இங்கிலாந்தில் 307 பேர் மாண்டார்கள். ஜேவிக்கில் மட்டும் முப்பதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

கண்ட இடத்தில் கண்டபடி கட்டக்கூடாது என்று சொல்வது கொடுமை அல்ல என்பதற்கு அந்த இரவு சாட்சி.

தெருவுக்குத் தெரு மாறும் சட்டம்

குரோமரிலிருந்து கடற்கரை ஓரமாக மேற்கே போனால் பிளேக்னி என்ற ஊர் வரும். அங்கே கடல் உள்வாங்கி, சேறும் புல்லுமாகப் பரந்து கிடக்கும். படகில் போய்ச் சீல் என்ற கடல் பிராணிகளைப் பார்க்கலாம். இந்தக் கரை 1968-ல் இயற்கை எழில் பிரதேசமாக அறிவிக்கப்பட்டது.

அங்கேயும் அதே மாதிரி ஒரு குடும்பம் இருந்தால்? பின்பக்கம் 3 மீட்டர் நீட்டலாம். அது சரி. ஆனால் பக்கவாட்டில் நீட்ட மனுப் போடவேண்டும். பரணை உயர்த்த மனுப் போடவேண்டும். 6 மீட்டர் சலுகை கிடையாது. வெளிச்சுவர் மேல் மரப்பலகை அடிக்கவோ, புதிய பூச்சு பூசவோ மனுப் போடவேண்டும்.

இது ஊருக்கு அழகு. வீட்டுக்காரருக்குச் செலவு. பணக்காரர் லண்டனிலிருந்து விடுமுறைக்கு வந்து போகிறவர். நிபுணரை அமர்த்தி மனு எழுதச் சொல்வார். உள்ளூர்த் தச்சரோ, நண்டு பிடிக்கிறவரோ என்ன செய்வார்? மனுக் கட்டணம் 2025 ஏப்ரலில் 258 பவுனிலிருந்து 528 பவுனாக ஏறியது. வரைபடம் போடுகிறவருக்குக் கொடுப்பது தனி.

அழகைக் காப்பது நல்லதுதான். அதன் செலவை மட்டும் எல்லோர் தலையிலும் ஒரே மாதிரி வைப்பது நல்லது அல்ல.

21 நாள் கெடு

மனுப் போட்டால் என்ன நடக்கும்?

கவுன்சில் பக்கத்து வீட்டாருக்குக் கடிதம் அனுப்பும். அல்லது வாசலில் நோட்டீஸ் ஒட்டும். 21 நாளுக்குள் யார் வேண்டுமானாலும் அபிப்பிராயம் எழுதலாம். சாதாரண வீட்டு மனுவுக்கு 8 வாரத்தில் பதில் சொல்லவேண்டும் என்பது கெடு.

"வெளிச்சம் மறைகிறது" என்று எழுதலாம். "எங்கள் படுக்கை அறை தெரிகிறது" என்று எழுதலாம். கவுன்சில் அதைக் காதில் வாங்கும்.

"எங்கள் ஜன்னலிலிருந்து கடல் தெரியாமல் போய்விடும்" என்று எழுதினால்? செல்லாது! கடல் காட்சி யாருக்கும் சொந்தம் அல்ல என்பது அங்கே வழக்கம். "எங்கள் வீட்டு விலை குறைந்துபோகும்" என்பதும் செல்லாது. கடற்கரை ஊரில் இந்த இரண்டும்தான் முக்கியமான மனவருத்தம். அந்த இரண்டையும் சட்டம் கேட்காது.

அனுமதி மறுக்கப்பட்டால், மனுப் போட்டவர் மேல் அதிகாரிக்கு அப்பீல் செய்யலாம். அனுமதி கிடைத்துவிட்டால், பக்கத்து வீட்டாருக்கு அப்பீல் இல்லை. அவர் ஒரு முறை சொல்லலாம், அவ்வளவுதான். இது ஒரு குறை.

ஆனாலும் அந்தக் கடிதம் பெரிய விஷயம். கடப்பாரைச் சத்தம் கேட்ட பிறகு சண்டைக்குப் போவது வேறு. செங்கல் வருவதற்கு முன்னால் தபால் வருவது வேறு.

வைக்கோலுக்குப் பின்னால் ஒரு கோட்டை

கேட்காமல் கட்டினால் என்ன ஆகும்? இதற்கு ஒரு வேடிக்கைக் கதை உண்டு. கடற்கரையில் நடந்தது அல்ல. லண்டனுக்குத் தெற்கே, சர்ரே ஜில்லாவில் நடந்தது. உண்மைக் கதை.

ஒரு விவசாயி, கோட்டை மாதிரி ஒரு வீடு கட்டினார். கோபுரம் எல்லாம் உண்டு. அனுமதி வாங்கவில்லை. யாருக்கும் தெரியாமல் இருக்க, சுற்றிலும் வைக்கோல் கட்டுகளை மலை மாதிரி அடுக்கினார். உள்ளே குடும்பத்தோடு குடியிருந்தார். நாலு வருஷம்!

ஏன் நாலு வருஷம்? கட்டிமுடித்து நாலு வருஷம் கவுன்சில் நடவடிக்கை எடுக்காவிட்டால், பிறகு எடுக்க முடியாது என்று அப்போது சட்டம் இருந்தது. 2006-ல் வைக்கோலைத் தள்ளிவிட்டு, "இதோ என் வீடு!" என்றார்.

கோர்ட்டு ஒப்புக்கொள்ளவில்லை. வைக்கோலை எடுத்த நாளில்தான் கட்டடம் முடிந்தது என்று சொல்லிவிட்டது. 2016-ல் கோட்டை இடிக்கப்பட்டது.

அந்த நாலு வருஷக் கணக்கும் இப்போது இல்லை. 2024 ஏப்ரல் 25 முதல் இங்கிலாந்தில் அது பத்து வருஷம் ஆகிவிட்டது. அனுமதி இல்லாமல் கட்டியதற்காக உடனே சிறை இல்லை. ஆனால் "இடி" என்று தாக்கீது வந்த பிறகும் இடிக்காவிட்டால், அது குற்றம்.

ஆக, ஒரு வீட்டுக்காரர் கேட்காமல் பத்தடி நீட்டினால், சட்டம் பத்து வருஷம் விடாமல் துரத்தும். இதை மனதில் வைத்துக்கொண்டு கிழக்கே போவோம்.

எழுதுவது ஒன்று, படிப்பது ஒன்று

குரோமருக்குத் தென்கிழக்கே, அதே தாலுகாவில் ஒரு கிராமம். ஆங்கிலத்தில் எழுத்துக் கூட்டினால் "ஹாப்பிஸ்பர்க்" என்று வரும். ஊரார் சொல்வது "ஹேஸ்பரோ".

அங்கே சிவப்பு, வெள்ளைப் பட்டை அடித்த கலங்கரை விளக்கம் இருக்கிறது. 1790-ல் கட்டியது. அப்போது இரண்டு விளக்கங்கள் கட்டினார்கள். கடல் கரையைக் கடித்துக்கொண்டே வந்ததால், தாழ்வான விளக்கத்தை 1883-ல் கைவிட்டுவிட்டார்கள். கடலின் பசி நேற்று வந்தது அல்ல.

கரை பாறையாக இருந்தால் நிற்கும். ஹேஸ்பரோவின் கரை களிமண்ணும் மணலும். மழை மேலே இருந்து ஊறுகிறது. அலை கீழே இருந்து குடைகிறது. ஒரு நாள் ராத்திரி பெரிய துண்டாகச் சரிகிறது. 2013-ல் அப்படி மணல் விலகியபோது, எட்டு லட்சம் ஆண்டுக்கு மேற்பட்ட மனிதக் காலடித் தடங்கள் தெரிந்தன! உலகமே வியந்தது. சில நாளில் கடல் அதையும் அழித்துவிட்டது.

1953 வெள்ளத்துக்குப் பிறகு, 1950-களின் கடைசியில், சர்க்கார் அங்கே மரத் தடுப்பு கட்டியது. அலை வேகம் குறைந்தது. ஜனங்கள் நம்பினார்கள். வீடு வாங்கினார்கள். கடன் வாங்கிப் பழுது பார்த்தார்கள். முகப்புக் கட்டினார்கள். அளவு பார்த்து வேலி போட்டார்கள்.

1990-களின் தொடக்கத்தில் புயல் அந்தத் தடுப்பைப் பிய்த்துப் போட்டது. திரும்பக் கட்டவில்லை. "காப்பாற்றப்படும் வீடுகளின் மதிப்பைவிடத் தடுப்பின் செலவு அதிகம்" என்பது கணக்கு. பாறைகள் கொஞ்சம் கொட்டினார்கள். 2007-ல் ஊர் ஜனங்களே "ஒரு பாறை வாங்கிக் கொடுங்கள்" என்று பணம் திரட்டினார்கள். வீடுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின.

ஒரு சொல்லில் இருக்கிறது வித்தியாசம்

இதற்கும் சட்டம் இருக்கிறது. 1949-ல் வந்த கடற்கரைப் பாதுகாப்புச் சட்டம். வீடு கட்டும் சட்டம் வந்து இரண்டே வருஷத்தில் வந்தது.

இரண்டு சட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

வீட்டுக்காரருக்கு 1947 சட்டம் சொல்வது: அனுமதி வாங்க*வேண்டும்*.

கவுன்சிலுக்கு 1949 சட்டம் சொல்வது: கரையைப் பாதுகாக்க*லாம்*.

பாதுகாக்கலாம். பாதுகாக்காமலும் இருக்கலாம். கடமை அல்ல. வீடு கடலில் போனால் நஷ்டஈடு கொடு என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. சாதாரண வீட்டு இன்ஷூரன்சும் கடல் அரிப்புக்குப் பணம் தருவது இல்லை.

வீட்டின் வேலி 2 மீட்டரா, இரண்டேகாலா என்று அளப்பது ஊரின் உரிமை. அந்த வீடே போகும்போது, அது உங்கள் சொந்த விஷயம்! இது என்ன நியாயம்?

1947-ல் சட்டம் போட்டவர்களுக்கு இந்த நியாயம் தெரிந்தே இருந்தது. "நிலத்தில் இஷ்டப்படி கட்டும் உரிமையைச் சர்க்கார் எடுத்துக்கொள்கிறது, அதனால் நஷ்டப்படுகிறவர்களுக்கு ஏதாவது தரவேண்டும்" என்று 30 கோடி பவுன் ஒதுக்கினார்கள். பிற்பாடு வந்த சட்டங்கள் அந்த ஏற்பாட்டை மாற்றிவிட்டன. ஆனால் எண்ணம் சரியான எண்ணம்.

பாக்டனுக்கு மணல் வந்தது

"கடலோடு யார் சண்டை போட முடியும்? சர்க்கார் என்ன செய்யும்?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி.

ஹேஸ்பரோவுக்கு வடமேற்கே சில மைல் தூரத்தில் பாக்டன் என்ற ஊர் இருக்கிறது. கடலுக்கு அடியிலிருந்து குழாயில் வரும் எரிவாயு அங்கேதான் கரை ஏறுகிறது. பெரிய வாயு நிலையம். அதன் அடியையும் கடல் கடித்தது.

2019-ல் அங்கே 18 லட்சம் கன மீட்டர் மணல் கொண்டுவந்து கொட்டினார்கள். சுமார் 2 கோடி பவுன் செலவு. வாயுக் கம்பெனிகளும் பங்கு போட்டன. பக்கத்தில் உள்ள பாக்டன், வால்காட் கிராமங்களுக்கும் அதனால் பாதுகாப்பு கிடைத்தது. நல்ல காரியம். அதைக் குறை சொல்லக்கூடாது.

ஆனால் மனம் வைத்தால், பணமும் இருந்தால், கடலைச் சில காலமாவது நிறுத்தலாம் என்று தெரிந்துவிட்டது அல்லவா? யாரைக் காப்பது, யாரை விடுவது என்பது கடல் செய்யும் முடிவு அல்ல. மேஜையில் உட்கார்ந்து, வரைபடத்தில் கோடு போட்டுச் செய்யும் முடிவு.

இன்னொரு விஷயம். எல்லாக் கரையையும் சுவர் கட்டித் தடுக்கவும் முடியாது. ஹேஸ்பரோவில் சரியும் மண்தான் தெற்கே உள்ள கரைகளுக்கு மணலாகப் போய்ச் சேர்கிறது. இங்கே அடைத்தால் அங்கே கரை மெலியும். நிபுணர்கள் சொல்வது உண்மை. அப்படியானால், ஹேஸ்பரோக்காரர் இழக்கும் மண் அடுத்த ஊரைக் காக்கிறது. அவருக்கு அடுத்த ஊர் எதுவும் தருவது இல்லை.

அனுமதி வந்தது; பணம் வரவில்லை

வடக்கு நார்போக் கவுன்சில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தது என்று சொல்லக்கூடாது. 2008-ல் போட்ட திட்டத்தில் ஒரு நல்ல ஏற்பாடு செய்தது. கடல் அரிக்கும் கோட்டுக்குள் வீடு வைத்திருப்பவர், அதற்குப் பதில் உள்ளே தள்ளி ஒரு வீடு கட்டிக்கொள்ள அனுமதி கேட்கலாம். சாதாரணமாக வீடு கட்ட விடாத வயல் பக்கத்திலும் இடம் பார்க்கலாம்.

அனுமதி கிடைக்கிறது. மனையும் செங்கலும் யார் தருவது? விழப்போகும் வீட்டை வைத்து எந்தப் பாங்கியும் கடன் தராது.

ஒரு முறை பணமும் வந்தது. 2009-ல் சர்க்கார் 15 கவுன்சில்களுக்கு 1 கோடியே 10 லட்சம் பவுன் ஒதுக்கியது. அதில் வடக்கு நார்போக்குக்கு 30 லட்சம். ஹேஸ்பரோவில் கடற்கரைச் சாலையின் ஓரத்தில் இருந்த வீடுகளைக் கவுன்சில் அந்தப் பணத்தில் விலைக்கு வாங்கி இடித்தது. வீட்டுக்காரர்கள் கையில் கொஞ்சம் காசோடு வேறு இடம் போனார்கள். பரீட்சைக்காகச் செய்தது அது. பரீட்சை முடிந்தது. பணமும் நின்றது.

2022-ல் 'கோஸ்ட்வைஸ்' என்று இன்னொரு திட்டம் வந்தது. சுமார் ஒன்றரைக் கோடி பவுன். ஜனங்களைத் தயார் செய்வது, வேறு வழி தேடுவது இதன் வேலை. தேடட்டும். ஆனால் சட்டத்தில் "லாம்" என்பது "லாம்" ஆகவே இருக்கிறது.

"கடலோரம் என்று தெரிந்து மலிவாக வாங்கினார்கள். மலைநாட்டுக்காரன் வரிப்பணத்தை அவர்களுக்கு ஏன் கொடுக்கவேண்டும்?" என்று சிலர் கேட்கிறார்கள். நேற்று மலிவாக வாங்கியவருக்கு இது பொருந்தும். தடுப்பு இருந்த காலத்தில், முழு விலை கொடுத்து வாங்கியவருக்கு எப்படிப் பொருந்தும்? "இந்த ஊரை இனிக் காப்பது இல்லை" என்று வரைபடத்தில் கோடு போட்ட நாள் ஒன்று இருக்கிறது. வீட்டின் அளவுக்கு 1948 ஜூலை 1 என்று தேதி வைக்கத் தெரிந்த சட்டத்துக்கு, இதற்கும் ஒரு தேதி வைக்கத் தெரியாதா? கோடு போட்ட நாளில் யார் வீட்டுக்காரரோ, அவருக்கு நஷ்டஈடு. பிறகு வாங்கியவருக்கு இல்லை. இப்படிச் செய்தால் சூதாட்டத்துக்கு இடம் இல்லை. கணக்கும் கட்டுக்குள் நிற்கும்.

இன்றைக்கு உறுதியாகக் கிடைப்பது ஒன்றே ஒன்றுதான். வீடு விழும் நிலைக்கு வந்துவிட்டால், அதை இடித்து அப்புறப்படுத்துவதற்குச் சர்க்கார் 6,000 பவுன் வரை உதவி தருகிறது. அதை வீட்டுக்காரர் நேரே வாங்க முடியாது. கவுன்சில்தான் கேட்டு வாங்கவேண்டும். வீட்டுக்காரர் தாமே இடிப்பதாக இருந்தால், அவசரம் இல்லாதபோது, அதற்கும் கவுன்சிலுக்கு முன்கூட்டியே தகவல் தரவேண்டும்.